கல் பதினான்கு முதல் முப்பத்தொன்று வரை

அகஸ்தியன்பள்ளிக்குத் தெற்கே
உப்பளம் முடிந்து சேறு தொடங்கும் இடத்தில்
மஞ்சள் பூசிய கற்கள் நட்டிருக்கிறார்கள்.
இறங்குதுறை வரப்போகிறது.
பதினான்கிலிருந்து முப்பத்தொன்று வரை என் பொறுப்பு.
தை மாதம், நான்கு நாள், காலை ஆறிலிருந்து பத்து.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.

முதல் நாள், கற்களுக்கு வெளியே,
கொசு உள்ளான் கூட்டம்.
பத்தை எண்ணி, அந்தப் பத்தின் அளவைக் கண்ணில் பிடித்து
நூறாக்கி, நூறு நூறாய் முழம்போட்டுக்கொண்டே போக வேண்டும்.
பூக்காரி கணக்குத்தான்.
கொஞ்சம் தாராளம், கொஞ்சம் களவு.
ஆறாயிரத்து நானூறில் நின்றபோது
பூனைப்பருந்து ஒன்று தாழப் போனது.
மொத்தச் சேறும் எழுந்து
வெள்ளையாய்த் திரும்பி, சாம்பலாய்த் திரும்பி
வேறெங்கோ போய் உட்கார்ந்தது.
மறுபடி ஒன்று, இரண்டு.

கற்களுக்கு உள்ளே
பவளக்காலி மூன்று.
பட்டாணி உப்புக்கொத்தி ஒன்று, நொண்டி.
இரண்டாம் நாள் அந்த நொண்டியும் இல்லை.
உப்புக்காற்றில் மற்ற எண்களுக்கெல்லாம் மக்கர் செய்யும் பேனா
பூஜ்யத்துக்கு உடனே எழுதியது.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
"பூஜ்யமும் தரவுதானே மேடம்" என்றார் திருஞானம்.
உண்மைதான்.
பயிற்சி வகுப்பில் அவருக்கு
நானே சொல்லிக்கொடுத்த வாக்கியம்.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில்
வரப்பில் உட்கார்ந்து
வெடித்த பாதத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார் அஞ்சுகம்.
விடியுமுன்னே பாத்தி மிதிக்க வருகிறவர்.
"தெனம் என்னத்தத் தேடுற?"
"பறவை."
"பகல்லயா?"

திரும்பிப் போய்க் குனிந்து பார்த்தேன்.
இருபத்திரண்டாம் கல்லடியில் தொடங்கி
இடியாப்ப அச்சின் அடித்தட்டு மாதிரி
சேறு முழுக்கத் துளை.
மூன்று நாளாய் அதன்மேல்தான்
முக்காலியை ஊன்றி
தொலைநோக்கியில் தூரத்தைப் பார்த்திருக்கிறேன்.
படிவத்தில் துளைக்குக் கட்டம் இல்லை.

அன்றிரவு பதினொன்று இருபதுக்கு நீர் வற்றியது.
அஞ்சுகத்தின் மகன் வைரக்கண்ணு
பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு
பாம்பு பார்த்து நடக்கச் சொன்னான்.
டார்ச்சை ஒரே ஒரு தடவை அடித்தேன்.
அடித்திருக்கக் கூடாது.
சேற்றோடு சேறாய்க் கண்கள்.
அணைத்துவிட்டேன். பிறகு காது மட்டும்.

ஈரத்திலிருந்து அலகு விடுபடும் சத்தம்.
கல்யாண வீட்டுப் பின்கட்டில்
பத்துப் பேர் பேசாமல் உட்கார்ந்து
வெற்றிலைக் காம்பு கிள்ளுகிறார்கள்.
இருட்டில் முழம்போட முடியவில்லை.
எங்கோ ஒரு கோட்டான் கூவ
எல்லாம் நின்று, மறுபடி தொடங்கியது.
எந்தப் பனிநாட்டிலிருந்து வந்தன என்று
அறிக்கையின் முன்னுரையில் இருக்கும்,
வண்ண வரைபடத்தோடு.
எத்தனை மணிக்குச் சாப்பிடும் என்று இருக்காது.

நான்காம் நாள், பத்து மணி வரை, மறுபடி பூஜ்யம்.
பக்கத்தில் குறிப்பு எழுதினேன்:
இரவில் இருந்தன. எண்ண முடியவில்லை.
'ஏராளமாக' என்று எழுதி அடித்தேன்.
அது எண் இல்லை.

சித்திரையில் அறிக்கை வந்தது.
என் குறிப்பு ஏழாம் இணைப்பின் அடியில்
எறும்பு எழுத்தில் கிடந்தது.
கிடந்ததே என்று கொஞ்சம் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

அதே வாரம் பயணப்படியும் வந்தது.
பஸ், சாப்பாடு, வேதாரண்யத்தில் ரூம் வாடகை
எல்லாவற்றுக்கும் டிக்.
டார்ச் பேட்டரி இரண்டு, அறுபது ரூபாய்,
அதைமட்டும் சிவப்பு மையில் அடித்து
ஓரத்தில் எழுதியிருந்தார்கள்:
தளத்தில் இரவு வேலை எதுவும் நடக்கவில்லை.