நாற்பது சொற்கள்

லைப்சிக்கில் அக்டோபர்.
வெந்நீர்க் குழாய் ஓடும் அறையிலும்
சால்வையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.
பதினொரு நாட்டுப் பத்திரிகைக்காரர்கள்.
ஆளுக்கொரு பெயரட்டை,
ஆளுக்கு நாற்பது சொல்லில் ஒரு பிழைப்பு.
நாற்பதைத் தாண்டக் கூடாதென்று
ஆகஸ்டிலேயே கடிதம் வந்திருந்தது.

சிக்கோந்தி, லிலோங்வேயின் வானொலிக்காரன்,
ஒன்பது வருடம் மக்காச்சோள விலை வாசித்தவன்.
கையேட்டில் அது ‘வேளாண் பொருளாதாரச் செய்தியாளர்’.
யோவானா பூனோ ஏரிக்கரையில்
கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள்.
ஒரு நாள் மணப்பெண்ணின் முந்தானைத் துணிக்குப் பின்னால்
செத்த மீன்கள் மிதந்தன,
பெண் வீட்டார் அந்தப் படத்துக்குக் காசு தரவில்லை.
அதற்கும் ஒரு பெயர் இருந்தது, பெரிய பெயர்.

பன்னிரண்டாம் பக்கத்தில் என் முகம், என் மூக்குத்தி.
கீழே வேறு யாரோ:
‘குட்டைசி நகரம். குற்றவியல் நீதிமன்றங்கள், பதினான்கு ஆண்டுகள்.
இரண்டு அவதூறு வழக்குகள். எட்டு நாள் காவல்.’
எதிர்ப்பக்கத்தில் நாத்தெலாவின் வெள்ளை முடிக்கடியில்
தூத்துக்குடித் துறைமுகம், உப்பு விலை, காணாமல்போன படகுகள்.

முதலில் பார்த்தது நான்தான்.
மெய்ப்புத் திருத்தியாக மாலைப் பதிப்பில் சேர்ந்தவள்,
சம்பளம் இரண்டாயிரத்து நானூறு.
நாற்பது சொல்லில் அதை நானே வெட்டியிருந்தேன்.
பிழையைக் கண்டால் கை தானாகப் பேனாவுக்குப் போகும்.
அன்று போகவில்லை.
எட்டு நாள் உள்ளே இருந்தவளின் முகம் இதுதானா என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மதியம், பூசணி சூப்புக்கு நின்ற வரிசையில்
ஒரு போலந்துக்காரர் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.
கலெக்டர் ஆபீஸ் வாசலில்கூட யாரும் விட்டதில்லை.
‘அறையில் சன்னல் இருந்ததா?’ மெதுவாகக் கேட்டார்.
‘இல்லை, அது வந்து’ என்று தொடங்கினேன்.
சன்னல் இல்லை என்று எடுத்துக்கொண்டு
தலையைக் குனிந்துகொண்டார்.
அந்தப் பக்கம் நாத்தெலாவிடம் யாரோ கப்பல்களைப் பற்றிக் கேட்க,
‘வரும். போகும்’ என்கிறாள்
ரொட்டியைப் பிய்த்தபடி.

சாயங்காலம் டிராம் நிறுத்தத்தில் நாங்கள் இருவர்தான்.
பலகை ஒன்பது நிமிடம் என்றது.
‘சன்னல் இருந்தது’ என்றாள்.
‘எதிர்க் கட்டடத்தில் துணி காயப்போடுவார்கள்.
எட்டு நாளும் அதே நீலச் சட்டை, யாரும் எடுக்கவில்லை.
அதைத்தான் எழுதினேன்.
ஆசிரியர் வெட்டிவிட்டார்.’

அப்புறம் நான் சொன்னேன்.
புயலுக்குப் பிந்திய வியாழக்கிழமை,
ஃபேக்ஸில் வந்த முப்பத்தொரு பெயர்.
இரவு பதினொன்றரைக்கு நானே கோத்தேன்.
அந்தோணிசாமியின் நடுவில் ஒரு ‘ச்’ வைத்துவிட்டேன்,
காதில் அப்படித்தான் விழும், அந்தோணிச்சாமி.
விடியுமுன் தொலைபேசி.
‘அது எங்க வீட்டுக்காரர் இல்லைதானம்மா?
அவருக்கு ச் கிடையாது.’

டிராம் வந்தது, நின்றது, போனது.
நீ என்ன பதில் சொன்னாய் என்று நாத்தெலா கேட்கவில்லை.
அடுத்ததற்குப் பதினாறு நிமிடம்.

காலையில் வீப்கெ புதுக் கையேட்டுக் கட்டோடு வந்தாள்.
மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள்.
முகங்கள் அவரவர் வேலைக்குத் திரும்பியிருந்தன.
காப்பி எந்திரத்தின் முன்
போலந்துக்காரர் நாத்தெலாவுக்கு வழிவிட்டார்,
என்னைப் பார்த்து
ஏமாற்றப்பட்டவர் போலச் சிரித்தார்.

என் பெயரில் மட்டும் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.
அமலோபவம்.
இது நான் இல்லைதானே என்று
ஒரு வாய்க் காப்பி நேரம் இருந்து பார்த்தேன்.
கை போய்விட்டது, பேனாவுக்கு.
ஓரத்தில் கூரைபோல அந்தப் பழைய குறியைப் போட்டு
வீப்கெயிடம் நீட்டினேன்.
நான்காம் மன்னிப்புக்கு அவள் வாய் திறக்க,
‘வருத்தமெல்லாம் வேண்டாம்.
எழுத்து மட்டும் போதும்’ என்றேன்.