கோவாத் தண்ணி

ஜெசிந்தா வீட்டு வேலியில் ஹைட்ரேஞ்சியா நீலம்.
அதே செடியில் ஒடித்து, அதே மழையில்
என் சுவரோரம் ஊன்றிய குச்சி
பூத்தது ரோஸ்.
குச்சியை மாற்றித் தந்துவிட்டாள் என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.
ஒரு மாதம் சொல்லாமல் இருந்தது
சொல்வதைவிட மோசம்.
வேலிக்கு மேலால் அவள் நீட்டிய கறிவேப்பிலையை
இருக்கு, வேணாம் என்றேன். இருக்கவில்லை.

என் பக்கத்தில் காய்கறியும் சரியில்லை.
கமநல நிலையத்தில் கேட்டேன்.
மண்ணை அனுப்பினால் பதில் வர மூன்று கிழமையாம்,
காசும் கட்ட வேண்டுமாம்.
கவுன்டரில் இருந்த பொடியன் குரலைத் தணித்து,
"அக்கா, சிவப்புக் கோவா கெடைக்குமா?" என்றான்.

நுவரெலியாவில் லொறி ஏற்றுகிற இடத்தில்
வெடித்த கோவா ஒன்று, பாதி விலைக்கு.
பாதியை நறுக்கி அவித்தேன்.
சட்டியில் இறங்கியது
தவக்காலத்தில் ஜெசிந்தாவின் கோயிலில்
சுரூபங்களை மூடுகிற ஊதா.

பீலித் தண்ணி கூடாது, மழைத் தண்ணி எடுக்கச் சொல்லியிருந்தான்.
லிந்துலையில் மழைத் தண்ணிக்கா பஞ்சம்?
ஐந்து கிளாஸ்,
தேத்தண்ணி குடிக்கிற கிளாஸ்தான், வேறில்லை.
ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி மண்:
லீக்ஸ் நரம்பாய் நின்ற பாத்தி.
பீட்ரூட் போளையளவில் நின்றுவிட்ட பாத்தி.
அடுப்புச் சாம்பல் கொட்டுகிற மூலை.
பின்வேலிக்கு அப்பால், பன்னிரண்டாம் நம்பர் மலையில்
தேயிலைத் தூரடியில் அள்ளிய ஒரு பிடி,
துரைக்குத் தெரியாது.
கடைசியாகச் சுவரோரம், ரோஸ் பூவின் காலடி.

கலக்கினேன். எல்லாம் ஒரே சேறு.
அவசரக்காரிக்கு மண்
மண் நிறத்தைத்தான் காட்டும்.
கூடையை மாட்டிக்கொண்டு போனேன்.
அன்றைக்குப் பதினேழு கிலோ.
காலில் அட்டை, கண்ணுக்கு முன்னால் பனி,
மனசு பூராவும் ஜன்னல் கட்டையில் ஐந்து கிளாஸ்.

அந்திக்குத் தெளிந்திருந்தது.
மலை மண்ணின் கிளாஸ்
பல்லுப் பிடுங்கிவிட்டு வாய் கொப்பளித்த தண்ணி.
லீக்ஸும் பீட்ரூட்டும் அதற்குத் தங்கச்சிகள்.
இங்கே தேயிலையைப் பிடுங்கி நான்கு வருசம்;
செடி போன சேதியை மண்ணுக்கு யாரும் சொல்லவில்லை,
அது பழைய எஜமானிக்காகப்
புளித்துக்கொண்டே கிடக்கிறது.
சாம்பல் மூலை நீலம்.
சுவரோரமோ, நீலத்தில் பச்சை.
அங்கேதான் மேசன்மார் சீமெந்து குழைத்தார்கள்,
மிஞ்சியதை அங்கேயே மூடினார்கள்.
சந்தேகம் தீர அந்த மண்ணில் வினாகிரி ஊற்றினேன்.
சீறி நுரைத்தது.
வீடு கட்டிய மிச்சத்தைத் தின்று
நீலம் ரோஸாகியிருக்கிறது.
குச்சி ஒரே குச்சிதான்.

கிளாஸைத் தூக்கிக்கொண்டு வேலிக்குப் போனேன்.
"என்னா, சர்பத்தா?" என்றாள்.
சொன்னேன், அந்த ஒரு மாதத்தையும் சேர்த்து.
அவள் உடனே சிரிக்கவில்லை.
"நானும் நெனச்சேன்,
நல்ல குச்சிய வாங்கிட்டுப் போயி
நீ ஏதோ செஞ்சிட்டன்னு."

வீடு போக மிஞ்சிய இடத்துக்கு
டொலமைட் ஒரு மூட்டை தாராளம் என்றான் பொடியன்.
புளிப்பு இறங்க ஆறு மாதம், ஒரு வருசமும் ஆகலாம்.
ஏழு பேர்ச்சுக்கு உறுதி வரும் என்றவர்களும்
ஒரு வருசம் என்றுதான் சொன்னார்கள்,
சாவி தந்த அன்றைக்கு.
அந்தப் பேச்சை எந்தத் தண்ணியில் கரைத்தால்
நிறம் தெரியும் என்று
அவனிடம் கேட்டிருக்கலாம்.

மூட்டையை வாங்கினோம், ஆளுக்குப் பாதி.
என் பாதியை இரண்டு பாத்திக்கும் தூவிக் கொத்திவிட்டேன்.
ஜெசிந்தா ஒரு பிடி எடுத்து
நீலச் செடிக்கு ஒரு பக்கம் மட்டும் போட்டாள்.
"பாப்பமே" என்றாள்.

மிச்சக் கோவாவை அன்றிரவு சுண்டினேன்.
வீட்டுக்காரர் தட்டைப் பார்த்து,
"ஏன் நீலமா கெடக்கு?" என்றார்.
தேசிக்காய் பிழிந்தேன்.