ஈரப்பதம் பத்துக்குக் கீழே

இனிமேல் எனக்கு எல்லாம் சித்ராதான் என்று
வந்த முதல் மாதம் போனில் சொன்னபோது
மதினி அரை நிமிடம் பேசவில்லை.
தீவு மதினி, தீவு.
பஹ்ரைனின் விலாவில் ஒட்டிக்கிடக்கும்
எண்ணெய்க் குழாய்களின் தீவு.

இங்கே நான் வேகவைப்பது இறால் ஓடு.
சதை வேறு யார் தட்டுக்கோ போய்விட்டது.
தலையும் தோலும் மீசையும்
கறுப்புப் பைகளில், ஐஸ் உருகிய தண்ணீர் ஒழுக
காலை நாலரைக்கு வந்து இறங்கும்.
முதலில் அமிலம்.
சுண்ணாம்பெல்லாம் நுரையாகப் பொங்கி
தொட்டியின் கழுத்துக்கு ஏறும்.
அதற்குள் வால்வை அடைக்காதவன்
பூட்ஸுக்குள் தெரிந்துகொள்வான்.
பிறகு காரம். பிறகு வெயில்.
பிறகு இன்னும் கடுங்காரம்,
கொதிக்கக் கொதிக்க, ஒரு முழு ஷிஃப்ட்.
மிஞ்சுவது
வடித்த கஞ்சியின் நிறத்தில்
செதில் செதிலாக ஒரு நார்.

கைட்டோசான் என்று டிரம்மில் ஒட்டுவோம்.
துல்பகதூருக்கு நாக்கு திரும்பாது.
அவன் அதைக் கைதி என்கிறான்.
அவன் நேபாளியிலும் என் தமிழிலும்
அதற்கு ஒரே பொருள்.

எங்கே போகிறது இவ்வளவும் என்று கேட்டேன்.
ஹசன் மர்ஹூன் சாம்பலைத் தட்டித் தட்டிச் சொன்னார்:
நீச்சல்குளத்துக் கலங்கலை
அடியில் உட்காரவைக்க.
சாயப்பட்டறைக் கழிவிலிருந்து நீலத்தைப் பிடுங்க.
தக்காளி விதைக்கு மேல்பூச்சாக.
அப்புறம், நெய்யும் தின்று
இடுப்பும் குறைய நினைப்பவர்களின் மாத்திரைக்குள்.
அது வேலை செய்யுமா?
சிரித்தார். டிரம்முக்குப் பணம் வருகிறது, என்றார்.

எதிர்மின்னோடு எது எதிரே வந்தாலும்
போய் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு.
அழுக்கு, சாயம், கொழுப்பு, ரத்தம்.
ஆள் பார்க்கத் தெரியாது.

வாடை இருக்கக்கூடாது.
வாங்குகிறவர்களின் முதல் நிபந்தனை இதுதான்.
எந்த டிரம்மையும் திறந்து முகர்ந்து பாருங்கள்,
ஒன்றுமில்லை.
வாடை எங்காவது போயாக வேண்டுமே.
வெள்ளிக்கிழமை மனாமா பஸ்ஸில்
என் பக்கத்து இருக்கை
கடைசி நிறுத்தம் வரை காலி.

ஆகஸ்டில் ஒரு புதன்.
டிரம் மூடியின் இரும்பு வளையம் தெறித்து
வலது உள்ளங்கையைத் திறந்துவிட்டது.
துல்பகதூர் தன் தலைத்துண்டைச் சுற்றினான்,
கிளினிக் வாசலில் அது
பிழியும் பதத்தில் இருந்தது.

நர்ஸ் மரிசெல் என் அட்டையை
எழுத்துக் கூட்டினாள்: ஸ்த, னிஸ், லாஸ்.
மூச்சு விட்டுக்கொண்டு கேட்டாள்:
"இறால், நண்டு உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா?"
எனக்குச் சிரிப்பு வந்தது.
அதைவிட வேகமாக ரத்தம் வந்தது.
ஒன்பது வருடமாக என் மேலெல்லாம் இறால்தான் சிஸ்டர்,
தின்னத்தான் பிடிக்காமல் போயிற்று.

உறையில் ஏதோ குளிர்தேசத்து எழுத்து.
உள்ளே வெள்ளையாக ஒரு சதுரம்.
வைத்து அழுத்தினாள்,
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, மூன்று நிமிடம்.
ரத்தம் அதற்குள் போயிற்று,
கூழாயிற்று,
நின்றது.

"இது எதிலிருந்து செய்கிறார்கள் தெரியுமா?"
தெரியும்.
எந்தச் சூட்டில் என்று தெரியும்,
எவ்வளவு ஈரத்தில் மூடுவார்கள் என்றும் தெரியும்.
எங்கள் தொட்டியா என்றுதான் தெரியாது.
உலகத்தில் எத்தனையோ தொட்டிகள்.
விலை தெரிந்தது, பில்லில்:
என் மூன்று நாள் கூலி.
கம்பெனி கட்டிவிட்டு
அப்புறம் கழித்துக்கொள்ளும்.

"பிய்க்காதே," என்றாள் மரிசெல்.
"நனைத்தால் தானாக விடும்."

அன்றிரவும் ஷிஃப்ட் இருந்தது.
ஈரப்பதம் ஒன்பது புள்ளி ஆறு.
பத்துக்குக் கீழே, தேறியது.
பதிவேட்டில் ஒப்பமிட்டேன்.
ஹசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"யார் கிறுக்கியது?"
நான்தான். இடது கை.
"ஆடிட்டர் கேட்பாரே."
வலது கையை விரித்துக் காட்டினேன்.

ஒவ்வொரு டிரம்முக்கும் குனிவதுபோலவே
குனிந்து, முகர்ந்து பார்த்து,
வாடை இல்லை, என்றார்.