எடை

கோயமுத்தூர்ல எல்லா வீட்டுலயும்
கிரைண்டர் மாவு அரைக்கும்.
உடையாம்பாளையம் லைன் வீட்டுல
எங்கூட்டுக்காரரு கண்ணாடி அரைக்கறாரு.
பேரு குழந்தைவேலு. வயசு நாப்பத்தொம்பது.

ஆசாரத்துக்கு நட்டநடுவுல நீலக் கலர் டிரம்.
அதுமேல பலகை, பலகைமேல எட்டங்குல வட்டக் கண்ணாடி,
அதுமேல இன்னொண்ணு.
நடுவுல பொடியும் தண்ணியும்.
தள்ளி, இழுத்து, ஒரு எட்டு வெச்சு,
தள்ளி, இழுத்து, இன்னொரு எட்டு.
பம்ப் கம்பெனியில பகலெல்லாம் நின்ன காலு
ராத்திரி ஒம்பதுக்குமேல டிரம்மைச் சுத்துது.
சனிக்கோளோட வளையத்தை
நம்ம மொட்டைமாடியிலிருந்தே பாக்கலாமாம்.
நான் கேட்டது
துணி காயப்போட ஒரு கம்பி.

பொடிக்கு நம்பர் உண்டு.
எண்பது, நூத்தியிருபது, நானூறுன்னு
அத்தனையும் என்ற அஞ்சறைப்பெட்டியில.
மஞ்சத்தூள் இப்ப காப்பி டப்பாவுல இருக்குது.
காப்பித்தூள் எங்கன்னு
நெசமா எனக்கே தெரியல.
தாரு காய்ச்சினது என்ற பால் போசியில.
மூணு நாள் புளிபோட்டுத் தேச்சும்
பாலுல புது ரோட்டு வாசம்.

என்ற பக்கமும் சொல்லோணும்.
திருப்பூர் கட் பீஸ் ஒம்பது மூட்டை,
கால்மிதி பின்னறேன்னு கிலோக்கணக்குல வாங்கினது.
பின்னி முடிச்சது பதினேழு.
பதினாறு இங்கயே கெடக்குது,
வீட்டுக்கு இருக்கறது ரெண்டே கதவு.
ஒண்ணை நங்கையாகிட்ட குடுத்தேன்,
அவங்க டிவி மேல விரிச்சிருக்காங்க.

பிசிறு பறந்து கண்ணாடியில ஒட்டுதுங்கறாரு.
ஒரே ஒரு கரட்டுப்பொடி உள்ள புகுந்தாலும்
பட்ட பாடெல்லாம் கீறலாப் போயிருமாம்.
கூட்டாதே, அப்பளம் பொரிக்காதே, ஃபேன் போடாதே.
ஒருநாள் சாக்பீஸ் எடுத்துக் கோடு போட்டேன்:
டிரம்ல இருந்து மூணடி உங்களுது, மீதி என்றது.
விடியறதுக்குள்ள
சுத்தற கால்பட்டுக் கோடு அழிஞ்சுபோச்சு.

டிரம்முக்குள்ள தண்ணி.
ஆடக்கூடாதுன்னு எடைக்கு நெறைச்ச
இருநூறு லிட்டர் சிறுவாணி.
சித்திரையில பைப்புல தண்ணி வந்து பதிமூணு நாளாச்சு.
கொடம் ஒட்டுக்காக் காஞ்சு கெடக்க,
வீட்டுக்குள்ள கொளத்தை வெச்சுக்கிட்டு
பக்கத்து வீட்டுல கடன் கேட்டு நிக்கறேன்.
பதினாலாம் நாள் பலகையை எறக்கி வெச்சேன்.
ட்யூப் விட்டு உறிஞ்சி
துவைச்சேன், குளிச்சேன்,
தலைக்கு ரெண்டு தடவை ஊத்திக்கிட்டேன்.

ராத்திரி வந்து கண்ணாடியைத் தள்ளினாரு.
டிரம்மும் கூடவே நகுந்துச்சு.
என்னையப் பாத்தாரு.
என்ற ஈரத் தலையைப் பாத்தாரு.
ஒண்ணும் பேசல. அதுதான் தாங்க முடியல.

ஸ்டூலைப் போட்டு அட்டாலியில கை விட்டேன்.
இருபத்திரெண்டு வருசமா இருட்டுல கெடக்கற சீர்:
பித்தளைத் தவலை, செம்புக்கொடம், சருவம்,
ரெண்டு குத்துவிளக்கு,
வஞ்சிக்கொடின்னு புள்ளி புள்ளியா வெட்டின
எங்கப்பனோட கரும்புக் காசு.
எடைக்குப் போட்டுரலாம்னு
வருசத்துக்கு ரெண்டு தடவை கேட்ட மனுசன்
கீழ நின்னு ஒவ்வொண்ணா வாங்கினாரு.
எடைக்குத்தான் போட்டோம்.
கடகடன்னு சத்தம் வராம இருக்க
சந்துல ரெண்டு மூட்டை கட் பீஸ் திணிச்சேன்.
டிரம்மு அசையல.

அட்டாலி மூணு நாள் காலியா இருந்துச்சு.
சமைக்கறப்ப அண்ணாந்து பாத்துக்குவேன்.
நாலாம் நாள் அங்க ஒரு நீளக் குழாய்,
எடம் பத்தாம ரெண்டடி வெளிய நீட்டிக்கிட்டு.
அதுல துண்டு காயப்போட்டேன்.

கார்த்திகை தீபத்துக்குக் குத்துவிளக்கு வேணும்.
அது டிரம்முக்கு அடியில.
இன்னும் எட்டே நாள், பாலீஷ் முடிஞ்சிரும்னாரு.
தள்ளுவண்டியில மண்ணகல் ஒண்ணு வாங்கி ஏத்தி
அந்தப் பலகைமேலயே வெச்சேன்.
கரி படியும், எண்ணெய் சிந்தும்,
சொல்லுவாருன்னு நின்னேன்.
ஒரு சுத்து வந்தாரு.
விளக்கை ஒரு விரக்கடை அக்கட்டால நகத்திட்டு
தள்ளி, இழுத்து,
இன்னொரு எட்டு.