கோட்டோடு சேர்த்து

பீட்டர்பரோவிலிருந்து நியூகாசிலுக்கு
ஒரே சீட்டாக எடுத்தால் விலை அதிகம்.
யார்க் வரை ஒன்று, யார்க்கிலிருந்து ஒன்று என்றால்
பதினேழு பவுண்டு மிச்சம்.
இருக்கை அதேதான், எழ வேண்டியதில்லை.
யார்க் வந்தபோது மட்டும்
பக்கத்து இருக்கையிலிருந்த பையை
ஒருமுறை தூக்கி அங்கேயே வைத்தேன்,
இறங்கி ஏறியதாக ஒரு கணக்குக்கு.

பக்கத்து இருக்கை ஹெஸ்தருடையது.
அவள் நாய் பிக்கெட் வியாழனிலிருந்து எதையும் தொடவில்லை.
நீ போ, வடக்கே குளிரும் என்று
தன் கோட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.
கை நீளம்.

பெட்டிகள் இன்று தலைகீழாக இணைக்கப்பட்டுள்ளன
என்று மன்னிப்புக் கேட்டது ஒலிபெருக்கி.
முன்னால் ஏறியவர்கள் பின்னாலும்
பின்னால் ஏறியவர்கள் முன்னாலும் போக
நடுவழியில் பெட்டிச் சக்கரங்கள் மோதிக்கொண்டன.
ஸாரி. ஸாரி. ஸாரி.
தவறு செய்தவர் மட்டும் அந்த ரயிலில் இல்லை.

அமைதிப் பெட்டியில் ஒருவர்
உருளைக்கிழங்கு வறுவல் தின்கிறார்.
ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்து, ஊறவிட்டு,
கடிக்காமல் கரைத்து.
டார்லிங்டன் தாண்டியும் பாதிப் பொட்டலம் மிச்சம்.

டர்ஹாமில் ரயில் உயரத்தில் ஊர்கிறது.
வலப்பக்கம் கதீட்ரல்.
மடிக்கணினிக்காரர் நிமிர்ந்தார்,
தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்தாள்,
வறுவல்காரர் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றது.
ஒரு நிமிடம் இருக்குமா, இராது.
பிறகு யாரும் யாரையும் பார்க்காமல்
அவரவர் திரைக்குத் திரும்பினார்கள்,
அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டவர்கள் போல.

டைன் ஆற்றுப் பாலத்தின் இரும்பு மடிப்புகளில்
கிட்டிவேக் பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன.
கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்து
நாள் முழுக்கத் தம் பெயரையே கூவுகின்றன.
அடியில் நடைபாதை வெள்ளை.
ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்தாமல்
அந்த இடத்தில் மட்டும் ஒரு வளைவெடுத்து நடக்கிறார்கள்.
ஏன் என்று யோசித்தபடி
நான் நேராக நடந்தேன்.

விடுதி ஜன்னல் நான்கு விரல் அகலம்தான் திறக்கும்.
கெட்டில் அருகே இரண்டு கோப்பை, இரண்டு பிஸ்கட்.
முதல் இரவு இரண்டையும் தின்றேன்.
மறுநாள் மாலை மறுபடி இரண்டு இருந்தன.

இங்கே எல்லோரும் எல்லோரையும் பெட் என்கிறார்கள்.
நம் கண்ணு மாதிரிதான்,
ஆனால் மீதிச் சில்லறையோடு சேர்த்துத் தருவது.
பேருந்து ஓட்டுநர் சொன்னார், மருந்துக் கடைக்காரி சொன்னாள்,
கைப்பையைத் தட்டிவிட்டு ஓடிய பையனும்
திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடினான்.

மூடிய சந்தைக்குள் ஆட்களை எடை போடும் கடை ஒன்று.
மீன் கடைக்கும் பொத்தான் கடைக்கும் போய்விட்டு
ஊர் வந்து வரிசையில் நிற்கிறது.
எனக்கு முன்னால் ஒரு தடித்த கிழவர்
தொப்பியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்து,
கொஞ்சம் யோசித்து,
பல்செட்டையும் கழற்றிக் கொடுத்தார்.
கோட்டோடா, இல்லாமலா, பெட்? என்றாள் தராசுக்காரி.
கோட் என்னுடையதில்லை என்றேன்.
அது தராசுக்குத் தெரியாதே என்றாள்.

பத்து ஸ்டோன் ஆறு பவுண்டு.
சீட்டை வைக்கப் பைக்குள் கைவிட்டால்
நாய் பிஸ்கட்டுகள்.
அவையும் என் கணக்கில்.

திரும்பும் ரயிலில் பெட்டிகள் சரியான வரிசையில் இருந்தன.
யாரும் ஸாரி சொல்லவில்லை, சற்றே வெறிச்சென்றிருந்தது.
நார்தாலர்ட்டன் தாண்டியதும் ஹெஸ்தரின் செய்தி:
எழுந்து நின்றான்.
என் தட்டிலிருந்தே கோழி திருடினான்.
கீழே தட்டின் படம், காலி.

கோட் பைக்குள் விரலால் எண்ணினேன். ஒன்பது.
ஒன்று உடைந்தது, அதைச் சேர்க்கலாமா என்று
இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருந்ததில்
யார்க் வந்து, நின்று, போய்விட்டது.
பையைத் தூக்கி வைக்க மறந்துவிட்டேன்.