ஊதியூர் தாண்டி

ஊதியூர் தாண்டியதும் பிடித்துக்கொண்டது.
பதினோரு சைக்கிள், ஒன்பது மழைக்கோட்டு.
"மேக்கால வெளுத்திருக்குது, விட்ரும்" என்று
காலையிலிருந்து மூன்றாம் முறை சொன்னார் சென்னியப்பன்.
காற்றாலைகளுக்குத் தலை இல்லை.
இறக்கை மட்டும் ஒவ்வொன்றாய் மேகத்தை விட்டு இறங்கி
எங்களைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டது.

ஒதுங்கத்தான் அந்தத் தேங்காய்க் களத்துக்குள் போனோம்.
"ஏனுங், பருப்பு நனையுது, நின்னு பாக்கறீங்களே!
அந்த மூலையப் புடிங்க!"
தார்ப்பாயின் ஒரு முனை என் கையில்,
மறுமுனை பர்வீன் கையில்,
நடுவில்
ஆறு நாள் வெயில்.

முறத்தில் அள்ளினோம், கூடையில்,
கடைசியில் ஹெல்மெட்டில்.
கைப்பிடியில் கிடந்த மீட்டர்
அரைமணி நேரமாய்ப் பூஜ்ஜியம் காட்டியது.

டீக்குக் காசு வாங்கவில்லை கருப்பாத்தாள்.
என் சங்கிலி கிறீச்சிட்டதைக் கேட்டு
தேங்காய்த் தொட்டியில் கொஞ்சம் எண்ணெய் நீட்டினார்.
இதெல்லாம் சங்கிலிக்கு ஆகாது என்றான் சம்பத்.
ஊற்றினேன்.

தாராபுரத்துக்கு இன்னும் பதினாறு கிலோமீட்டர்.
எதிர்க்காற்று. மழை விட்டபாடில்லை.
என் பின்சக்கரத்தை ஒட்டி வந்தவர்களெல்லாம்
ஏனென்று தெரியாமல்
பசிக்குது, பசிக்குது என்றார்கள்.