இரண்டாவது பெட்டி

துவாஸ் தெற்கில் இரவு இரண்டு பத்து.
பெயின்ட் உலர்த்தும் அடுப்பு நின்றுவிட்டது என்று
கெங் சூன் போனில் கத்தினான்.
டார்மிட்டரியிலிருந்து சைக்கிளில் போனேன்.

பேனல் கதவைத் திறந்தால்
முதல் பெட்டி பச்சை எழுத்தில் காட்டுகிறது: 34.
அடுப்பின் தகரத்தில் கைவைக்க முடியவில்லை.
அது 34 என்கிறது.

பொய்யில்லை.
தெர்மோகப்பிள் நட்டுக் கழன்று
ஷட்டர் பக்கமாய் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.
அது அளந்ததெல்லாம் துவாஸின் இரவை,
கடலிலிருந்து வந்த பிசுபிசுத்த காற்றை.
இன்னும் சூடாகவில்லை, இன்னும் கொடு என்று
முழு மின்சாரத்தையும் வாங்கி உள்ளே கொட்டியிருக்கிறது,
இலையைப் பார்க்காமலே
சோறு போட்டுக்கொண்டு போகிறவனைப் போல.

கீழே தூசிக்குள் இரண்டாவது பெட்டி.
அதற்குத் தனிக் கம்பி, தனிக் காண்டாக்டர்.
ஏற்றி இறக்கிச் சரிக்கட்டும் வித்தையெல்லாம்
அதற்கு வராது.
தெரிந்தது ஒரே சொல்.
230-இல் அதைச் சொல்லிவிட்டது.
போதும்.

அடுப்புக்குப் பின்னால்
தின்னர் டின்கள். எண்ணிப் பார்த்தேன், பதினாறு.
அதற்கும் அப்பால்
மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு
சோஹேலும் வேல்மணியும்.

போன செவ்வாய் வரை
இரண்டாவது பெட்டியின் இரு முனைகளுக்கு நடுவே
விரல்நீள நீல ஒயர் ஒன்று இருந்தது.
சும்மா சும்மா நிறுத்துகிறது,
சீனப் புத்தாண்டுக்குள் ஆர்டர் போக வேண்டும்.
யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.
நான்தான்.

அதை எடுத்ததற்கும்
பெரிய காரணம் ஒன்றும் இல்லை.
கேன்டீன் விசிறியின் ஸ்விட்சுப் பெட்டிக்கு
ஒரு துண்டு ஒயர் குறைந்தது.

சூடு இறங்கினாலும் இரண்டாவது பெட்டி
தானாகத் திரும்பி வராது.
ஒரு ஆள் வந்து சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும்.
வருகிற ஆள்
ஏன் நின்றது என்று பார்த்துவிட்டுத்தான் அமுக்குவான் என
எந்த ஊரிலோ எவனோ நம்பியிருக்கிறான்.
என்னை அவனுக்குத் தெரியாது.

"எவ்வளவு நேரமடா?" கெங் சூன்.
நட்டை இறுக்கினேன். இழுத்துப் பார்த்தேன்.
மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.
அப்புறம் அமுக்கினேன்.

லாக் புத்தகத்தில்:
02:10 நின்றது. 03:25 ஓடியது.
சென்சார் நட்டு லூஸ்.
நீல ஒயரை எழுத அதில் கட்டம் இல்லை.

காலையில் அந்த விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்து
பரோட்டா தின்றேன்.
நன்றாகச் சுற்றியது.
இன்னும் ஒன்று கேட்டு வாங்கினேன்.